செயலாளர் ஆண்டறிக்கை: கிளைடுக் கணக்கும் உயர இழப்பும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே, குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. முதலுதவி வகுப்பு நடந்தது. கோடை ஒன்றுகூடலை மழை கொஞ்சம் குழப்பினாலும் சாப்பாடு குறைவில்லாமல் இருந்தது, சமைத்த அக்காமார் அனைவருக்கும் நன்றி. கணக்கு விபரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே விடயம். சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். நம் அங்கத்தவர் யாராவது சுவிஸின் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் பாறை விளிம்பில் இருந்து விங்சூட்டில், அதாவது கை கால்களுக்கு இடையே துணி இறக்கை வைத்த பறக்கும் உடையில், குதிப்பதென்றால், அந்த இடத்துக்கான உயரக் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதை வேறு இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பதே அது. நம்மில் பெரும்பாலானோர் பாராகிளைடிங், அதாவது பாராசூட் போன்ற பாயில் தொங்கிப் பறக்கிற ஆட்கள், விங்சூட்காரர் ஒரு சிலர்தான். ஒரு சிலருக்காக இவ்வளவு வேலையா என்று சிலர் கேட்டார்கள். ஒரு சிலர் என்பதற்காகத்தான் செய்தோம். அவர்களில் ஒருவரைக்கூட இழக்க நமக்கு மனமில்லை.

தீர்மானம் வந்தபின் முதலில் கிடைத்த கணக்குத்தாள்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப இருந்தது. விமானத்தில் இருந்து குதித்துப் பறந்தபோது கருவி காட்டிய கிளைடு விகிதத்தை அப்படியே எடுத்து, மலைக்குப் பொருத்தியிருந்தார்கள். 2.5 என்றால் இரண்டரை மீட்டர் முன்னே போக ஒரு மீட்டர் உயரம் குறையும். விமானத்தை விட்டு இறங்கும்போதே உடலில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம் இருக்கிறது, சூட்டுக்குள் காற்று உடனே நிரம்பிவிடும். பாறை விளிம்பில் வேகம் பூச்சியம். முதல் விநாடியில் 5 மீட்டர், இரண்டாவது முடிவில் 20 மீட்டர், மூன்றாவது முடிவில் 40 மீட்டருக்கு மேல் என்று ஏறக்குறைய நேராகக் கீழேதான் போகிறோம். சூட் நிரம்பி, பாதை மெல்ல வளைந்து, சீரான பறப்புக்கு வரும்வரை போகும் உயரம்தான் உண்மையில் ஆளைக் கொல்கிற உயரம். அது 2.5 என்ற எண்ணுக்குள் இல்லை.

தம்பி ஒருவர் கொடுத்த தாளை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். தரையில் இருந்து 700 மீட்டர் உயரமான விளிம்பு, 900 மீட்டர் தள்ளி இறங்கும் புல்வெளி. 900ஐ 2.5ஆல் வகுத்து, 360 மீட்டர் போகும், 340 மீட்டர் மிஞ்சும், தாராளம் என்று எழுதியிருந்தார். அதே இடத்தை நாங்கள் இப்படிப் போட்டோம். தொடக்கத்தில் 170 மீட்டர் உயரம் போகிறது, அதற்குள் முன்னே போனது 100 மீட்டர்தான். மீதி 800 மீட்டரை 2.5இல் பறந்தால் 320 மீட்டர் குறையும். ஆக 490 மீட்டர் போய், கையில் 210 மீட்டர். சரி, ஏதோ ஒரு காரணத்தால் 2தான் கிடைக்கிறது என்று வையுங்கள். 400 மீட்டர் குறையும், மிஞ்சுவது 130. பாராசூட்டைத் திறக்கவும், விரிந்தபின் திரும்பி இறங்கவும் 200 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் சங்க விதி. தாராளமாகத் தெரிந்த 340 இப்படித்தான் விதிக்குக் கீழே போனது. தம்பி அந்த இடத்தை விட்டுவிட்டார். கோபப்படாமல் கேட்டுக்கொண்டதற்கு அவருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு விடயம், குதிக்கிற இடத்துக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் பாறைப் படிகள். லேசர் தூரமானியில் ஒரு படியைப் பார்த்தோம். தூரம் 180 மீட்டர், கீழ்நோக்கிய கோணம் 60 பாகை. அதாவது 156 மீட்டர் கீழே, 90 மீட்டர் வெளியே. விகிதமாகப் பார்த்தால் 0.6 கூட இல்லை, சின்னப் பிள்ளையும் தாண்டும் என்று தோன்றும். ஆனால் மேலே சொன்ன தொடக்கக் கணக்கின்படி 170 மீட்டர் விழுந்தபிறகுதானே 100 மீட்டர் முன்னே போகிறோம்? அப்படியானால் அந்தப் படிக்கு மிக அருகில் உரசிக்கொண்டு போவோம். சராசரி விகிதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் படியைத் தாண்டுவதற்கு அது உதவாது. ஆகவே கணக்குத்தாளில் இப்போது படிகளுக்கென்று தனிக் கட்டம் வைத்திருக்கிறோம்.

கல்லைப் போட்டு விநாடி எண்ணும் பழைய முறையையும் பேசித் தீர்த்தோம். ஐந்து விநாடியில் சத்தம் கேட்டால் 122 மீட்டர் என்று எழுதுகிறார்கள். சத்தம் மேலே வரவும் நேரம் எடுக்கும், அதைக் கழித்தால் 107 மீட்டர்தான், காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் குறையும். இருப்பதைவிட உயரம் அதிகம் என்று நம்பவைக்கும் பிழை இது. அதோடு பாறைக்குக் கீழே ஆட்கள் நடக்கிற பாதை இருக்கிறது, மாடு மேய்கிறது. கல் போடுவதை முற்றாகத் தடைசெய்துவிட்டோம். சுவிஸ் மத்திய அரசின் நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போவின் வரைபடத் தரவுகள் 2021இல் இருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. கோடு ஒன்று இழுத்தால் நிலத்தின் வெட்டுமுகத்தைக் காட்டும். முதலில் அதில் பார்த்து, பிறகு லேசரால் சரிபார்ப்பது என்பது இப்போது நம் வழக்கம். செங்குத்துப் பாறையில் வரைபடத்தை மட்டும் நம்பக்கூடாது, விளிம்பு மழுங்கித் தெரியும்.

தொடக்க இழப்பை எங்கே அளப்பது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. சூடான காற்றுப் பலூனில் இருந்து குதித்தால் விளிம்பில் நிற்பது போலவே வேகம் இல்லாத தொடக்கம், ஆனால் பக்கத்தில் பாறை இல்லை. ஹெல்மெட்டில் வைக்கும் ஃப்ளைசைட் கருவி முன்னே போன தூரத்தையும் கீழே போன தூரத்தையும் பதிந்து தரும். பதிவுகளை வரைந்து பார்த்தபோது ஒரே ஆள், ஒரே சூட், ஆனாலும் ஒவ்வொரு தொடக்கமும் வேறுபட்டது. கால் வழுக்கினால், தலை கொஞ்சம் தாழ்ந்தால் எல்லாம் மாறும். அதனால் கணக்குக்கு எடுப்பது அவரவருடைய மிக மோசமான தொடக்கத்தை. சராசரியை எடுக்கக்கூடாது. இதில் கடுமையாக வாதம் நடந்தது, நான் இன்றும் மோசமானதன் பக்கம்தான்.

காற்றைப் பற்றி. விநாடிக்கு 40 மீட்டர் முன்னே, 16 மீட்டர் கீழே பறந்தால் விகிதம் 2.5. எதிர்க்காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்றால் அது 2.2க்கு வரும். காற்று எதிரில் இல்லாமல் விநாடிக்கு 3 மீட்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் 2.1. மாலையில் நிழல் விழுந்த சரிவில் இறங்கும் காற்று அப்படித்தான் இருக்கும். திரும்பும்போதும் உயரம் போகும், 45 பாகை சாய்ந்து திரும்பினால் கீழே போகும் வேகம் ஒன்றரை மடங்குக்கு மேல். ஃபோன் என்ற, மலையைத் தாண்டிப் பலமாக இறங்கும் சூடான காற்று வீசும் நாளில் யாரும் குதிப்பதில்லை என்ற விதி அப்படியே தொடர்கிறது.

பாராகிளைடிங் அங்கத்தவர்கள் இதெல்லாம் தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். பேயாட்டென்பெர்க்கில் இருந்து இன்டர்லாக்கனுக்குப் பறக்கும்போது விகிதம் 9 என்று நம்பி வருகிறீர்கள். மணிக்கு 38 கிலோமீட்டரில் போகும் பாய்க்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால் அந்த 9, சுமார் 4.3 ஆகிவிடும். பாதிக்கும் குறைவு.

இரண்டு வகையினருக்கும் பொதுவான ஒன்று, உச்ச விகிதத்தில் பறக்கத் திட்டம் போடக் கூடாது. உச்சத்தில் பறப்பவர் இன்னும் கொஞ்சம் நீட்டிப் போக முயன்றால் வேகம் செத்து விழுவார். கொஞ்சம் செங்குத்தாக, வேகமாகப் பறப்பவரிடம் அந்த வேகமே சேமிப்பு, தேவைப்படும்போது தட்டையாக்கலாம். ஆகவே உச்சம் 2.5 உள்ளவர் 2க்கு மேல் எழுதினால் தாள் திரும்பி வரும். இந்த விளையாட்டில் மிகத் தேர்ந்தவர்களுக்கும் மலை இடம் கொடுத்ததில்லை. டீன் பாட்டரும் கிரகாம் ஹண்டும் 2015 மே மாதம் அமெரிக்காவின் யோசெமிட்டியில் விங்சூட்டில் ஒரு பாறை முகட்டின் இடுக்கைத் தாண்ட முயன்று இறந்தார்கள். 2016இல் விபத்துகளுக்குப் பிறகு பிரான்ஸின் ஷாமோனி நகரமே விங்சூட்டைத் தடைசெய்தது. லவுட்டர்புருன்னனில் அந்த நிலை வரக்கூடாதென்றால், இறங்கும் புல்வெளிகளின் விவசாயிகளையும் நாம் மதிக்க வேண்டும். வளர்ந்த புல்லில் இறங்குவது அவர்களுடைய மாட்டுத் தீவனத்தை மிதிப்பது. நிலக் கட்டணத்தைக் கட்டாமல் குதிப்பவருக்கு நம் சங்கத்தில் இடமில்லை. குதிக்குமுன் ஹெலிகாப்டர் தளத்துக்குத் தொலைபேசியில் சொல்வதும் அதேபோல் கட்டாயம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். இரவல் வாங்கிய லேசர் தூரமானியை உரியவர் திருப்பிக் கேட்கிறார், சங்கத்துக்கென்று கோணமும் காட்டும் ஒன்றை வாங்க அனுமதி வேண்டும். அடுத்தது, கணக்குத்தாள் பார்க்க இன்னும் சிலர் முன்வர வேண்டும். பறக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கணிதம் தெரிந்த பெற்றோர் வந்தால் மிகவும் நல்லது. சென்ற ஆண்டு ஒரு அம்மா பார்த்த தாள்களில்தான் அதிகக் கேள்விகள் எழுந்தன.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்