கெதலோன் கோட்டைப் பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆறாம் ஆண்டு முதல் ஒன்பதாம் ஆண்டு வரையான பிள்ளைகளைக் கெதலோன் கோட்டைக்குக் கூட்டிப் போக இருக்கிறோம். பாரிஸுக்குத் தெற்கே, பூர்கோஞ் பகுதியில், த்ரேன்யி என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டுக்குள் அது இருக்கிறது. பஸ்ஸில் சுமார் இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

தமிழ் வகுப்பை விட்டுவிட்டு ஒரு பிரெஞ்சுக் கோட்டையைப் பார்க்கப் போக வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கெதலோன் பழைய கோட்டை இல்லை. மிஷெல் கீயோ என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997இல் வெறும் நிலத்தில் கட்டத் தொடங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எப்படிக் கட்டியிருப்பார்களோ அப்படியே, அந்தக் காலத்துக் கருவிகளைக் கொண்டே கட்டுகிறார்கள். கைவிடப்பட்ட கல்லுக்குழி ஒன்று இருந்ததால்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தார்கள். சுவருக்குக் கல் அங்கேயே கிடைக்கிறது. மரத்துக்குச் சுற்றிலும் ஓக் காடு. மணலும் களிமண்ணும் காலடியில். இவற்றையெல்லாம் இழுத்துப் போவது குதிரை வண்டி. பிரான்ஸை ஆண்ட பிலிப் ஒகுஸ்த் மன்னர் காலத்துக் கோட்டைகளின் அமைப்பைப் பின்பற்றுகிறார்கள். அந்த மன்னர் பாரிஸில் கட்டிய கோட்டையின் அடிச்சுவரை லூவ்ர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் இன்றும் பார்க்கலாம். முடிந்தால் பயணத்துக்கு முன் ஒரு நாள் பிள்ளையை அங்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது கோபுரத்தை அல்ல, வேலையை. கல்லுடைப்பவர் முதலில் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று ஒலித்தால் நல்ல கல், சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. பிறகு ஒரே கோட்டில் வரிசையாக ஆப்புகளை வைத்து, ஒன்று மாறி ஒன்றாக அடித்துக்கொண்டே போகிறார். கல் எந்த அடியில் பிளக்கும் என்பதைக் காதால் அறிகிறார். மேலே சுவரில் கல் ஏற்ற, ஆள் உள்ளே நின்று நடக்கும் பெரிய மரச் சக்கரம் இருக்கிறது. உள்ளே நடப்பவருக்குத் தொங்கும் கல் தெரியாது, வெளியில் நிற்பவரின் குரலை நம்பித்தான் நடக்கவும் நிற்கவும் வேண்டும். இந்த இடத்தில் பிள்ளைகளை நிறைய நேரம் நிற்கவிடச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன்.

பதின்மூன்று முடிச்சுக் கயிறு என்று ஒன்று உண்டு. முடிச்சுகளுக்கு நடுவே சம அளவில் பன்னிரண்டு இடைவெளிகள். மூன்று, நான்கு, ஐந்து என்று மடக்கிப் பிடித்தால் சரியான செங்கோணம் கிடைத்துவிடும். கொல்லேஜில், அதாவது பிரெஞ்சு நடுநிலைப் பள்ளியில், பிதாகரஸ் தேற்றத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் இதை ஒருமுறை கையால் பிடித்துப் பார்க்கட்டும்.

இந்த வேலையெல்லாம் இன்றைக்கு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால், நோத்ர தாமைச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலில் எரிந்துபோன அந்தத் தேவாலயத்தின் மரக்கூரையைப் பழைய முறையிலேயே திரும்பச் செய்வது என்று முடிவானபோது, ஓக் மரத்தைக் கோடரியால் செதுக்கி உத்தரம் செய்யத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. அந்த வேலைக்குப் போன தச்சர்களில் கெதலோனில் தொழில் பழகியவர்களும் இருந்தார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்ததை நம் பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிக்கொடுப்போம். இன்றைக்கு அங்கே வேலை செய்பவர்கள் பாதுகாப்புச் சப்பாத்தும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, சம்பளம் வாங்கி, மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். அந்தக் காலத்துக் கூலியாளுக்கு அந்தப் பாதுகாப்பெல்லாம் இல்லை. கோட்டையும் பிரபுவின் பலத்தைக் காட்டத்தான் எழுந்தது.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்து, கொல்லரையோ கயிறு திரிப்பவரையோ சாயம் போடுபவரையோ, அரை மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். கேள்விகளைப் பிரெஞ்சில் கேட்கட்டும். அடுத்த வாரம் வகுப்பில் அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். எழுதி வைத்து வாசிக்கக் கூடாது, பேச வேண்டும். வகுப்பு வீணாகிறது என்று கவலைப்பட்டவர்களுக்கு என் பதில் இதுதான். ஊரில் சுண்ணாம்புச் சாந்து குழைத்ததையும் சூளை வைத்ததையும் பார்த்த தாத்தா பாட்டிமார் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் அனுப்பிவையுங்கள். பஸ்ஸில் அவர்களுக்கு முன் இருக்கை ஒதுக்குவோம். பிள்ளைகளுக்கு அவர்களை விட நல்ல துணை கிடைக்காது. கட்டட வேலையில் இருக்கும் அப்பாமாரும் வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

அப்புறம், சில முக்கியமான விஷயங்கள். மழை பெய்தால் அங்கே சேறுதான், அதனால் பழைய சப்பாத்துப் போட்டு அனுப்புங்கள். தொப்பி, தண்ணீர், மதியச் சாப்பாடு கட்டாயம். கடையில் மர வாள் விற்கிறார்கள் என்று கைக்காசு கொடுத்துவிட வேண்டாம். ஒவ்வாமை, மருந்து விவரங்களைப் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள். கட்டணமும் பஸ் புறப்படும் நேரமும் அதிலேயே இருக்கின்றன. கட்டுவது சிரமம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், காசுக்காக ஒரு பிள்ளையும் நின்றுவிடக் கூடாது.

கையெழுத்திட்ட படிவத்தை மே மாத முடிவுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்