படத்துக்குக் கதை கொடுத்தவர் மட்டுமா ஜெயகாந்தன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், திரைக்கு வந்த தமிழ் நாவல்களைப் பற்றிய கட்டுரையில், ஜெயகாந்தனுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருந்தது. அதிலும் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்குக் கதை தந்தவர் என்ற அளவோடு அவர் முடிந்துவிடுகிறார். யாங்கோனிலிருந்து உங்கள் இதழைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு இது பெருங்குறையாகப் பட்டது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்திலும் அச்சகத்திலும் வளர்ந்த அவர், முப்பது வயதைத் தாண்டிய கையோடு, 1965இல், தம்முடைய ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலைத் தாமே இயக்கிப் படமாக்கினார். சேரிச் சிறுவன் சிட்டி, அவன் தாய் தங்கம், அவளோடு வாழ வரும் கிளி ஜோசியக்காரன் ஆகியோரைச் சுற்றிய அந்தக் கதையில் அவர் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை. பாட்டில்லாமல் படம் ஓடாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. தேசிய விருதுகளில் நற்சான்று கிடைத்தது. அடுத்த ஆண்டே ‘யாருக்காக அழுதான்?’ படத்தில், ஊரையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நாகேஷை அழவேண்டிய பாத்திரத்தில் நிறுத்தினார்.

கட்டுரை குறிப்பிடும் படத்தின் கதையும் அவ்வளவு எளிதானதன்று. மழை மாலையில் காரில் ஏறி ஏமாற்றப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஒரு தாய் சொல்வதாக 1960களில் அவர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதைக்கு எதிர்ப்பு கிளம்பியது. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று அவர் எழுதிய பதில்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். அதற்கே 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் அதைப் படமாக்கியபோது திரைக்கதை வசனமும் ஜெயகாந்தனுடையவையே. அந்தப் பெண் கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. படத்தில் பேச்சு சற்று அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அவருடைய பேச்சு. வேறொருவர் கத்தரித்து ஒட்டியதன்று.

1964இல் கடைகள் அரசுடைமையானபின் எங்கள் ஊருக்குத் தமிழ்ப் புத்தகங்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே கோயில் வகுப்பில்தான். மேலட்டை கிழிந்து, கோணி ஊசியால் தைக்கப்பட்டு, வீடு வீடாகக் கைமாறிய பிரதியில்தான் அந்த நாவலைப் படித்தேன். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில், நிறம் மங்கிய படத்தைப் பார்த்தேன். கங்காவின் குரலை அதற்கு முன்பே கேட்டுவிட்டவன்போல உட்கார்ந்திருந்தேன்.

தம் திரை அனுபவங்களை ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ என்ற நூலில் ஜெயகாந்தனே எழுதியிருக்கிறார். உரிய அனுமதி பெற்று அதிலிருந்து ஓரிரு பகுதிகளையாவது தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். இங்கே அந்த நூலை விலை கொடுத்து வாங்க ஒரு கடையும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கோன், மியான்மர்