மலைக்கு ஏறும் பெட்ரோல்: அடிவாரத்து பங்க் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆலங்காயம், திருப்பத்தூர், போளூர் பக்கங்களில் பெட்ரோல் பங்க் நடத்தும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் ஒடுகத்தூர் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருப்பவன். என்னிடம் வேலைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவை. அந்த வண்டிக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதே சமயம், கேட்டு வருபவரை "இல்லை, போ" என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதையும் நிறுத்துங்கள். இரும்பு கேன் வாங்கி வைத்து, டெபாசிட் பிடித்துக்கொண்டு அதில் ஊற்றிக் கொடுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முத்துக்குமரன் மலையடிவாரத்திலிருந்து பீஞ்சமந்தைக்குத் தார் ரோடு வந்த பிறகு மலையில் பைக் இல்லாத வீடு குறைவு. ஆனால் ரோடு போன இடத்துக்கெல்லாம் பங்க் போகவில்லை. உள்ளடங்கிய குக்கிராமத்தில் இருப்பவர் பெட்ரோலுக்காக மட்டுமே இறங்கி ஏற வேண்டும். ஏறும்போது முதல் கியர், இரண்டாம் கியர் என்று உறுமிக்கொண்டே போகும் வண்டி, சமவெளியில் கொடுக்கும் மைலேஜில் பாதிகூடக் கொடுக்காது. எக்ஸ்எல் 100 மொபெட்டின் டேங்க் 4 லிட்டர்தான். ஒருமுறை இறங்கி ஏறினாலே போட்டதில் கணிசமான பங்கு ரோட்டிலேயே போய்விடும். அப்புறம் மருந்து தெளிக்கும் பவர் ஸ்ப்ரேயர் இருக்கிறது, புல் வெட்டும் மிஷின் இருக்கிறது. அவற்றை பங்க் வரைக்கும் தூக்கி வர முடியுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஆஸ்பத்திரி. ராத்திரியில் ஒருவருக்குப் பாம்பு கடித்தாலும், பிரசவ வலி எடுத்தாலும், பல கிராமங்களில் முதலில் கிளம்புவது பக்கத்து வீட்டு பைக். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்துபோன குழந்தையின் உடலைத் தாயே சுமந்துகொண்டு நடந்த செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே ரோடு இல்லாததுதான் காரணம், பெட்ரோல் அல்ல. ஆனால் ரோடு இருக்கும் ஊரில், அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்ட வேண்டிய வண்டியில் பெட்ரோல் இல்லை என்ற நிலை வரக்கூடாது. மலையில் ஒரு வீட்டில் நான்கைந்து லிட்டர் பெட்ரோல் கூடுதலாக இருப்பதை நான் பேராசை என்று நினைக்கவில்லை. அவர்களுக்கு அது அவசியம்.

இப்போது என்ன நடக்கிறது? சில பங்குகளில் கேட்ட உடனே ஊற்றிவிடுகிறார்கள், எது கையில் இருக்கிறதோ அதில். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில், சமையல் எண்ணெய் வந்த கேன், பூச்சிமருந்து டப்பாவைக்கூடப் பார்த்திருக்கிறேன். வேறு சில பங்குகளில், "பாட்டில்ல ஊத்தக் கூடாதுண்ணா, மேல கேமரா இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள். அனுப்பப்பட்டவர் சும்மா மலையேறிவிடுவதில்லை. தெரிந்தவர் வண்டியின் டேங்க்கில் பிடித்து, டியூப் போட்டு வாயால் உறிஞ்சி பாட்டிலில் இறக்குகிறார். இல்லையென்றால் பெட்டிக்கடையில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அந்தக் கடையில் மண்ணெண்ணெய் விளக்கும் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் அதே பலகையில் இருக்கும். சிலர் பாட்டிலைத் துணிப்பைக்குள் சுற்றி பஸ்ஸிலேயே கொண்டுபோகிறார்கள். பஸ் முழுக்கக் குழந்தைகள். ஆக, நீங்கள் மறுத்ததால் ஆபத்து குறையவில்லை. உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

சென்ற கோடையில் ஒரு தம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஹேண்டிலில் பையில் தொங்கவிட்ட பாட்டில் ஒரு வளைவில் லெக்கார்டில், அதாவது முன்பக்கக் கால் தடுப்புக் கம்பியில், மோதிப் பிளந்துவிட்டது. தொடையிலிருந்து முழங்கால் வரை பேன்ட் நனைந்து, தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. தீ பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் எதிரே யாரும் பீடி பற்றவைக்கவில்லை, வண்டியில் எந்த ஒயரும் பொறி விடவில்லை, அவ்வளவுதான். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பெட்ரோல் எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, கீழே இறங்கித் தேங்கும். பைக்கில் கீழே என்ன இருக்கிறது? எஞ்சின், சைலன்சர், பிளக். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். காலையில் குளிர்ச்சியாக 5 லிட்டர் நிரப்பிய கேன், வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஏறக்குறைய 140 மில்லி விரியும். விளிம்பு வரை நிரப்பியிருந்தால் அது மூடி வழியாகத்தான் வெளியே வரும். தண்ணீர் பாட்டிலின் மூடி அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை.

பிளாஸ்டிக்கில் இன்னொரு வம்பு. குழாயிலிருந்து பெட்ரோல் வேகமாக விழும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. உலோகக் கேன் தரையில் இருந்து, குழாய் முனையான நாஸிலும் கேன் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது அப்படியே தரைக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக்கில் இறங்க வழியில்லை, தேங்கி நிற்கும், சமயத்தில் பொறியாகத் தாவும். கேனை சீட் மேலேயோ மடியிலேயோ வைத்துக்கொண்டு பிடித்தால் இன்னும் மோசம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், 8ஆம் பிரிவு. விற்பதற்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் வாங்காமலே ஒருவர் வைத்திருக்கலாம், எடுத்துப் போகலாம். ஆனால் அது இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் வகை அல்லது உலோகக் கலனில் இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் 1 லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக்கின் பெயரே அந்தப் பிரிவில் இல்லை. மலைக்காரர் ஒருவர் இரும்பு கேனில் 5 லிட்டர் கொண்டுபோவதை இந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. பெட்டிக்கடையில் பாட்டில் பாட்டிலாக விற்பதைத்தான் அது அனுமதிக்கவில்லை.

உங்கள் தயக்கமும் எனக்குப் புரிகிறது. எங்காவது பெட்ரோல் குண்டு வீசினால் போலீஸ் முதலில் கேட்பது, எந்த பங்க்கில் பாட்டிலில் ஊற்றினார்கள் என்பதைத்தான். அதனால்தான் டெபாசிட் கேன் என்கிறேன். 20 லிட்டர் தண்ணீர் கேனுக்கு டெபாசிட் வாங்குவதுபோல, நல்ல மூடியும் வாஷரும் உள்ள 5 லிட்டர் உலோகக் கேன்களை வாங்கி, பங்க் பெயரும் வரிசை எண்ணும் எழுதி வையுங்கள். வாங்குபவரின் பெயர், ஊர், வண்டி எண், கேன் எண் ஒரு நோட்டில் ஏறட்டும். காலி கேன் திரும்பி வந்தால் மறுபடி நிரப்பிக் கொடுங்கள், இனி வேண்டாம் என்றால் கேனை வாங்கிக்கொண்டு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள். யார் வாங்கினார் என்பது பாட்டிலில் ஊற்றும்போது தெரியாது, இதில் தெரியும். போலீஸ் தடை உத்தரவு போடும் நாளில் நிறுத்திவைப்பதும் சுலபம். தொடங்குவதற்கு முன் உங்கள் எண்ணெய் நிறுவன அதிகாரியிடமும் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை கலெக்டர்கள் மூவரும் இதற்கு ஒரே மாதிரி சுற்றறிக்கை கொடுத்தால் உங்களுக்கும் தைரியமாக இருக்கும். மலை ஒன்றுதான், மாவட்டம்தான் மூன்று.

உங்கள் பங்க் பையன்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. அளவு சரிபார்க்க முத்திரை போட்ட 5 லிட்டர் உலோக அளவுக்கலன் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கிறது. அதைத் தரையில் வைத்துத்தானே பிடிக்கிறார்கள்? கேனையும் அப்படியே வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாஸில் தொடும்படி மெதுவாகப் பிடிக்கட்டும். 5 லிட்டர் கேனில் நாலரை லிட்டரோடு நிறுத்தட்டும். "ரவுண்டா ஊத்துப்பா" என்று யார் கேட்டாலும் நாலரைதான்.

எடுத்துப்போகும் முறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஹேண்டிலில் தொங்கவிடுவதும், முதுகுப் பையில் போடுவதும், லெக்கார்டில் கட்டுவதும் கூடவே கூடாது. எக்ஸ்எல் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் கேனை நிறுத்துவது இங்கே வழக்கம். எஞ்சின் சூடு நேராக ஏறிவரும் இடம் அது, அங்கேயும் வேண்டாம். நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் சைலன்சர் வலது பக்கம், சாரி கார்டு இடது பக்கம். அந்த சாரி கார்டை ஒட்டி, இரும்புப் பட்டையில் ஒரு ஸ்டாண்டை கிளாம்ப் போட்டு போல்ட்டில் மாட்டினால் கேன் செங்குத்தாக ஆடாமல் நிற்கும். நாலரை லிட்டர் என்பது கேனோடு சேர்த்து ஐந்து கிலோவுக்குள்தான். வண்டி ஒரு பக்கம் இழுக்காது. எக்ஸ்எல்லுக்குப் பின் கேரியர் போதும், டியூப் பட்டையால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினால் சரி. வீட்டில் அடுப்பங்கரையிலிருந்து தள்ளி, வெளியே நிழலில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்வோம். டேங்க்கில் ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க லைட்டரைக் கொளுத்தும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கண்டிப்பாகவே சொல்வேன்.

பட்டறைக்காரனாக இன்னொன்று. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகள் எஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் வகை, ஆகிவிட்டன. அவற்றில் பழைய ரிசர்வ் திருகு இல்லை. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பை பெட்ரோல்தான் குளிரவைக்கிறது. அடிக்கடி வற்ற வற்ற ஓட்டினால் பம்ப் போய்விடும், மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். பாட்டிலில் வந்த குப்பையும் ஈரமும் இன்ஜெக்டரை அடைக்கின்றன. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் சரியாக மூடாத கலனில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமான கேன் இதற்கும் நல்லது.

கோடை விழா சமயத்தில் ஜமுனாமரத்தூருக்கும் ஏலகிரிக்கும் சென்னை, பெங்களூரிலிருந்து வரும் பெரிய பைக் தம்பிகள் சிவப்பு பிளாஸ்டிக் கேன்களை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது தேவையே இல்லை. அடிவாரத்தில் டேங்க்கை நிரப்பினால் மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கலாம். அவர்களிடம் அதை எடுத்துச் சொல்லி, டேங்க்கை மட்டும் நிரப்பி அனுப்புங்கள்.

உங்களில் யாராவது ஒருவர் முதலில் தொடங்குங்கள். பத்து கேன் வைத்தாலே போதும். தொடங்குபவரின் பங்க்குக்கே வந்து, உங்கள் கேன் அளவுக்கு ஸ்டாண்டு செய்து, முதலில் வரும் மலை வண்டிகளுக்குக் கூலி வாங்காமல் மாட்டிக்கொடுக்கிறேன். இரும்புக்கு ஆகும் காசை மட்டும் வண்டிக்காரர் கொடுத்தால் போதும். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைக்காரர்கள் சாமான் வாங்க இறங்கும் நாள், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் பக்கத்து டூவீலர் மெக்கானிக் ஒருவன்