ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்குங்கள்

அன்புள்ள கண்ணா,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்கும் உன் மனைவிக்கும் தரமணியில் வேலை, சாயங்காலம் ரயில், மந்தைவெளியில் இறங்கினால் வீடு, சோபா, போனில் ஆர்டர். தினம் ராத்திரி எட்டரைக்கு யாரோ கொண்டுவந்து கொடுக்கும் ஆறிப்போன பரோட்டா. இதை மாற்ற பெரிய வைராக்கியம் எல்லாம் வேண்டாம். ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கினால் போதும்.

மந்தைவெளிக்கு அடுத்தது திருமயிலை. அங்கே இறங்கி, மாட வீதி வழியாக மந்தைவெளிக்குத் திரும்பி நடந்து வாருங்கள். சுமாராக ஒன்றரை கிலோமீட்டர். நின்று காய் வாங்கிக்கொண்டு வந்தாலும் முக்கால் மணி நேரம்தான். நடந்த மாதிரியும் ஆச்சு, நாளைக்கு என்ன சமையல் என்ற கேள்வியும் வழியிலேயே தீர்ந்தது. ஆனால் சீசன் டிக்கெட்டைத் திருமயிலை வரைக்கும் எடுத்துவிடு. மந்தைவெளி வரை வாங்கிவிட்டு ஒரு ஸ்டேஷன் தாண்டினால் அபராதம் கட்ட வேண்டும்.

ஆர்.கே. மடம் சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால் நடக்க இடம் குறைவு, புழுதி வேறு. அதிலேயே நேராக வராதீர்கள். கபாலீசுவரர் கோயில் குளத்துக்கு முன்னாலேயே இடது பக்கம் வடக்கு மாட வீதிக்குள் திரும்பி, கிழக்கு கோபுரத்தைச் சுற்றி, தெற்கு மாட வீதி வழியாக வெளியே வாருங்கள். வடக்கில் பாத்திரம், வளையல், பூஜை சாமான். நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காய் வாங்க வேண்டியது தெற்கில்.

இரண்டு பேருக்கு ஒரு வேளைப் பொரியலுக்குக் கால் கிலோ காய் போதும். மலிவு என்று ஒரு கிலோ வாங்கினால் வெள்ளிக்கிழமை அது குப்பைக்குத்தான் போகும். தினம் ஒன்றோ இரண்டோ வாங்கு. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டுமென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லாக் காயையும் ஒடித்தால் கடைக்கார அம்மா சும்மா விடமாட்டாள். ஒன்றிரண்டு ஒடித்துப் பார்த்து, அதே அளவில் இருப்பதைப் பொறுக்கு. கத்திரிக்காயில் காம்பை ஒட்டிய பாவாடை பச்சையாக, முள்ளோடு இருக்க வேண்டும். கையில் எடுத்தால் அளவுக்கு லேசாக இருப்பது நல்லது, கனத்தால் உள்ளே விதை. முருங்கையை முறுக்கிப் பார், வளைந்து கொடுத்தால் பிஞ்சு. கட்டை மாதிரி நின்றால் சாம்பாரில் நார்தான் மிஞ்சும். கீரையை மட்டும் சாயங்காலம் வாங்காதே. காலையில் வந்த கட்டு நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். கட்டைப் பிரிக்காமல் அது தெரியாது. கீரை சனி, ஞாயிறு காலைக்கு.

இப்போது சமையல். வீட்டுக்குள் நுழைந்து நாற்பது நிமிஷத்தில் தட்டு போட முடியும். அதற்குக் காலையில் கிளம்பும்போது இரண்டு வேலை செய்: சின்ன நெல்லிக்காய் அளவு புளியைத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மூடி பிரிட்ஜில் வை. குக்கர் பாத்திரத்தில் அரிசியை அளந்து வை.

வந்ததும் ஐந்து லிட்டர் குக்கரில் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர். கீழ்ப் பாத்திரத்தில் கால் டம்ளர் துவரம்பருப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய். மேல் பாத்திரத்தில் ஒரு டம்ளர் பொன்னிப் புழுங்கல் அரிசி, மூன்று டம்ளர் தண்ணீர். ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கும் வரை விடு. பருப்பு வேகவில்லை என்று போன தடவை புலம்பினாயே, பருப்பைக் குறை சொல்லாதே. உங்கள் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு விறைத்துக்கொள்ளும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற கேன் தண்ணீர் ஊற்று. வேகும் முன் புளியோ தக்காளியோ அதில் போடாதே, அதுவும் வேகவிடாது.

குக்கர் அடங்குவதற்குள் ஒருவர் காய் நறுக்குங்கள், இன்னொருவர் ரசம் வையுங்கள். ஊறிய புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டு. ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து போட்டு, உப்பு, ஒரு டீஸ்பூன் ரசப்பொடி, துளி பெருங்காயம். பச்சை வாசனை போக ஆறேழு நிமிஷம் கொதிக்கட்டும். வெந்த பருப்பில் இரண்டு கரண்டி எடுத்து ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்று. இதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகராதே. தீயைக் குறைத்து வைத்தால் ஓரத்தில் வெள்ளை நுரை மெல்லக் கட்டும், நடுவை நோக்கி நகரும். நுரை நடுவில் சேர்ந்து பாத்திரம் "ம்ம்" என்று பொங்கப் பார்க்கும் அந்த நொடியில் அணைத்துவிடு. போனைப் பார்த்துக்கொண்டு தளதளவென்று கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், பருப்பு அடியில் தங்கி மேலே புளித்தண்ணீர் நிற்கும். அப்புறம் எவ்வளவு கொத்தமல்லி போட்டாலும் மீளாது. நெய்யில் கடுகு, சீரகம், ஒரு மிளகாய் தாளித்துக் கொட்டு. மீதிப் பருப்பில் உப்பும் நெய்யும் போட்டால் முதல் சாதத்துக்கு ஆயிற்று.

இட்லி மாவுக்கு இரண்டு டம்ளர் இட்லி அரிசி, அரை டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். சனிக்கிழமை மத்தியானம் ஊறப்போட்டு, நாலு மணி நேரம் கழித்து அரை. உளுந்துக்குப் பிரிட்ஜ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து இருபது, இருபத்தைந்து நிமிஷம். ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் ஆகவில்லை. பாத்திரத்தில் பாதி வரைதான் மாவு. முக்கால் வரை ஊற்றினால் காலையில் மேடை முழுக்க மாவு வழிந்திருக்கும். சென்னை வெயிலுக்கு இனிமேல் ஏழு மணி நேரம் போதும். மார்கழி, தையில் பத்துப் பன்னிரண்டு ஆகும். புளித்ததும் பிரிட்ஜில் வை, வெளியே விட்டுவிட்டு ஊர் சுற்றாதே. முதல் இரண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, கடைசிக் கரண்டி ஊத்தப்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடலுக்குப் போங்கள். ஐந்தரைக்குக் கலங்கரை விளக்கம் பக்கம் தொடங்கி உழைப்பாளர் சிலை வரைக்கும் போய்த் திரும்பினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தாகிவிடும். சிலை 1959-இல் வைத்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. வழியில் வட்டமாகத் துருத்திக்கொண்டு நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை எதிர்ச் சாரியில் பார்ப்பீர்கள். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ்கட்டியைச் சேர்த்து வைக்கக் கட்டிய கிடங்கு அது. அங்கே இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள். கணுக்காலுக்கு மேல் வேண்டாம். மெரினாவில் மணல் சட்டென்று சரியும், திரும்பும் அலை காலை வாரும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் அங்கே ஆபத்துதான்.

திரும்பும்போது லூப் ரோடு. பையில் ஒரு மூடி போட்ட டப்பா எடுத்துப் போங்கள், நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் ஏழு மணிக்கு மேல் புது மீன் வந்திருக்கும். சாலையோரம் விற்றவர்களுக்காக 2024-இல் திறந்த கட்டடம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பெரிய வஞ்சிரம் விலை ஏறிவிடும். ஆனால் இந்தக் கரையில் இறங்குவது பெரும்பாலும் பைபர் படகு மீன். நெத்திலி, சங்கரா, காரப்பொடி அப்போதும் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பார்: ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு ஆகாது. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலே வர வேண்டும். இரண்டு பேருக்கு அரை கிலோ சங்கரா. அங்கேயே சுத்தம் செய்து தருபவர்களுக்குத் தனிக் காசு, அதில் பேரம் பேசாதே.

வீட்டில் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீர் கழுவு. நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கால் டீஸ்பூன் வெந்தயம், பதினைந்து சின்ன வெங்காயம், ஆறு பூண்டு, இரண்டு தக்காளி. ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், மூன்று டீஸ்பூன் மல்லித்தூள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே பிரியும் வரை கொதிக்க விடு. பிரிவதற்கு முன் மீனைப் போட்டால் குழம்பு பச்சையாக இருக்கும், மீன் வெந்து உடைந்திருக்கும். போட்டபின் ஆறேழு நிமிஷம்தான். கரண்டி விடாதே, சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்று. இறக்கி இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். மீன் கழிவு வந்தால் பேப்பரில் சுற்றிக் கவரில் கட்டி, குப்பை வண்டி வரும்வரை பிரீசரில் வை. வாடையே இருக்காது. உன் மனைவிக்கு மீன் வாடை ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஞாயிறு ராயர் மெஸ். சின்ன இடம், வரிசை இருக்கும், சீக்கிரம் போனால்தான் பொங்கல் மிஞ்சும்.

மாதம் ஒருநாள் ரயிலில் எதிர்ப்பக்கமாகக் கடற்கரை ஸ்டேஷன் வரை போங்கள். டிக்கெட் பத்து ரூபாய் அளவில்தான். பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே பக்கிங்ஹாம் கால்வாய், சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம். இறங்கினால் எதிரே பர்மா பஜார். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம்மவர்கள் கொண்டுவந்த அத்தோ அந்தப் பக்கம் சாயங்காலத் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். வண்டிக்காரர் கையாலேயே பிசைவார்: மஞ்சள் நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், மேலே நொறுக்கிய தட்டை. காரம் குறைவாகப் போடச் சொல், மிளகாய்த்தூள் கை தாராளம். கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பை விடாதே. அத்தோவைவிட எனக்கு அதுதான் உசத்தி.

பங்குனியில் அறுபத்துமூவர் வருகிறது. கபாலீசுவரர் உற்சவத்தில் எட்டாம் நாள். அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்கில் மாட வீதி சுற்றுவார்கள். அன்றைக்குத் திருமயிலையில் இறங்கினால் வெளியே வரவே அரை மணி ஆகும், மந்தைவெளியில் இறங்கி நடந்து வாருங்கள். உன் மனைவியிடம் சங்கிலியை வீட்டில் கழற்றி வைக்கச் சொல். வழி முழுக்க நீர்மோர், பானகம், பொட்டலம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அன்று ராத்திரி அடுப்பு மூட்ட வேண்டாம்.

அதை ஒட்டியே பௌர்ணமி. மெரினாவில் சூரியன் மறைவது கட்டடங்களுக்குப் பின்னால், பார்க்க ஒன்றுமில்லை. நிலா எழுவதுதான் கடலில். பௌர்ணமியன்று சூரியன் விழும் நேரத்தை ஒட்டியே வரும், ஆனால் வானம் வெளுப்பாக இருப்பதால் சரியாகத் தெரியாது. மறுநாள் கிட்டத்தட்ட ஐம்பது நிமிஷம் தாமதமாக, ஏழு மணி வாக்கில், நன்றாக இருட்டியபின் எழும். அந்த நாளுக்குப் போங்கள். அடிவானத்தில் மூட்டம் இருந்தால் இன்னும் பத்து நிமிஷம் பொறுங்கள், செங்கல் நிறத்தில் திடீரென்று தொங்கும். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் ஆளுக்கு ஒன்று.

கடைசியாக, தெற்கு மாட வீதியில் இப்போது மாவடு வந்திருக்கும். உருண்டையாக, காம்போடு, அடிபடாததாக ஒரு கிலோ வாங்கு. கழுவித் துணியில் நன்றாக உலர்த்து. இரண்டு டேபிள்ஸ்பூன் விளக்கெண்ணெயில் புரட்டி, 150 கிராம் கல் உப்பு, 50 கிராம் மிளகாய்த்தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் கடுகுப்பொடி, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்து ஜாடியில் போடு. தினம் ஒருமுறை குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீர் விடும், பத்து நாளில் தோல் சுருங்கும். அதற்கு முன் எடுத்துக் கடிக்காதே. ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை பிடிக்கும். எனக்கு ஒரு சின்ன பாட்டில் எடுத்து வை, சித்திரையில் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா