ஆர்தர் மிட்செலுக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க பாலே பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நியூயார்க் சிட்டி பாலே குழுவை உருவாக்கிய நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷைனைப் பற்றி விரிவாக எழுதியிருந்தது நல்ல விஷயம். ஆனால் ஆர்தர் மிட்செலுக்குக் கிடைத்தது ஒரே வரி: ‘நியூயார்க் சிட்டி பாலேயின் முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞர்.’ தகவல் சரிதான். ஆனால் அந்த மனிதர் வாழ்நாளில் பாதிக்கு மேல் பாடுபட்டதே, தான் ஒருவன் மட்டும் அப்படி விதிவிலக்காக நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அதை விட்டுவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

மிட்செல் 1934இல் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே குடும்பச் சுமை தோளில் ஏறியது. ஷூ பாலிஷ் போட்டார், பேப்பர் போட்டார், கறிக்கடையில் வேலை பார்த்தார். 1955இல் நியூயார்க் சிட்டி பாலேயில் சேர்ந்தபோது, வெள்ளைக்காரப் பெண்களோடு இவர் ஆடுவதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பாலன்ஷைன் அசைந்து கொடுக்கவில்லை. 1957 இறுதியில் ‘அகான்’ என்ற தன் பாலே படைப்பில் மிட்செலையும் டயானா ஆடம்ஸையும் ஜோடியாக ஆட வைத்தார். ஆடம்ஸ், நிறப் பாகுபாடு வேரூன்றியிருந்த தென் மாநிலங்களில் ஒன்றான வர்ஜீனியாவில் பிறந்த வெள்ளைக்காரர். கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் ஒன்றையொன்று பற்றுவது, பின்னிக்கொள்வது, விலகுவது எல்லாமே திட்டமிட்ட நடன அமைப்பு. அதே வருடம் சில மாதங்களுக்கு முன்னால்தான் இன்னொரு தென் மாநிலமான ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்களைக் கொண்டுபோய் விட ராணுவம் வர வேண்டியிருந்தது. தென் மாநில நிலையங்கள் ஒளிபரப்ப மாட்டா என்பதால், இந்த ஜோடி நடனம் அமெரிக்க வணிகத் தொலைக்காட்சிக்கு வரவே பல வருடங்கள் ஆயின.

சரி, இதெல்லாம் கட்டுரையாளருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்ல வந்தது அப்புறம் நடந்தது.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது மிட்செல் பிரேசிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு தேசிய பாலே குழுவை உருவாக்க உதவிக்கொண்டிருந்த நேரம் அது. பிரேசிலில் செய்வதைச் சொந்த ஊரில் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காரல் ஷூக்கைக் கூட்டிக்கொண்டு 1969இல் ‘டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்’ என்ற பாலே பள்ளியையும் குழுவையும் தொடங்கினார். ஆரம்பத்தில் வகுப்பு நடந்தது ஒரு பழைய கராஜில். கதவைத் திறந்தே வைத்தார். தெருவில் போகிற பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள், அப்புறம் உள்ளேயும் வந்தார்கள். இறுக்கமான உடையைப் போட்டுக்கொள்ளப் பையன்கள் கூச்சப்பட்டால், வெட்டிய ஜீன்ஸோடு ஆடலாம் என்றார். 30 பேரோடு தொடங்கியது சில மாதங்களில் 400ஐத் தொட்டது.

என்னை மிகவும் கவர்ந்தது காலுறை விவகாரம். பாலே பெண்கள் இளஞ்சிவப்பு டைட்ஸும் அதே நிற ஷூவும் அணிவதற்குக் காரணம் உண்டு. வெள்ளைத் தோலோடு அந்த நிறம் இழைந்து, இடுப்பிலிருந்து கால் நுனிவரை ஒரே கோடாகத் தெரியும். கறுப்புத் தோலில் அதே இளஞ்சிவப்பு அந்தக் கோட்டை இடுப்பிலேயே வெட்டிவிடும். கால் வேறு யாருடையதோ என்பதுபோல் இருக்கும். தோல் நிறத்திலேயே டைட்ஸ் போட்டால் என்ன என்று கேட்டது குழுவில் ஆடிய ஒரு பெண். மிட்செல் அதைக் குழு முழுவதற்கும் வழக்கமாக்கினார். அதுவும் பொதுவாக ஒரு ‘பழுப்பு’ கிடையாது. ஒவ்வொருவரின் நிறத்துக்கும் தனித்தனியாகச் சாயம். சாட்டின் ஷூவுக்கு முகத்தில் பூசும் ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சால் தொட்டு ஒற்றுவதும் உண்டு. நாலு ஷோ ஆடினால் கந்தலாகிவிடுகிற ஷூவுக்கு இவ்வளவு வேலை!

நடன அமைப்பாளராக அவர் செய்தவற்றில் ‘ரிதமெட்ரான்’ முக்கியமானது. முழுக்கத் தாள வாத்தியங்களின் இசை. ‘ஜிசெல்’ என்பது ஒரு சீமானிடம் காதலில் ஏமாந்துபோகும் ஏழைக் கிராமத்துப் பெண்ணின் கதையைச் சொல்லும் பழைய பாலே. அதை வைத்து 1984இல் மேடையேறிய ‘கிரியோல் ஜிசெல்’லில் அடவுகள் பெரும்பாலும் பழையவைதான், மாறியது இடமும் பின்னணியும். ஐரோப்பியக் கிராமக் கதையைத் தூக்கி 1840களின் அமெரிக்கத் தென் மாநிலமான லூசியானாவில், சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்கள் நடுவே வைத்தார். அங்கே ஒரு குடும்பத்தின் கௌரவம், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு எத்தனை தலைமுறை ஆனது என்பதைப் பொறுத்தது. சீமானுக்கும் ஏழைப் பெண்ணுக்கும் இடையிலான பழைய பள்ளம் இப்படிச் சொல்லும்போது எவ்வளவு ஆழமாகிவிடுகிறது பாருங்கள்.

அவரைச் சாமியாக்கவும் வேண்டாம். கண்டிப்புக்குப் பேர் போனவர். 1997இல் அவருடைய நடனக் கலைஞர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். 2004இல் கடன் நெருக்கியதில் குழு நின்றுபோனது, பள்ளி மட்டும் ஓடியது. 2012இல்தான் குழு மறுபடி ஆடத் தொடங்கியது. அப்போது அதன் தலைமையில் இருந்தவர் அந்த ‘கிரியோல் ஜிசெல்’லில் நாயகியாக ஆடிய வர்ஜீனியா ஜான்சன். மிட்செல் 2018இல் காலமானார்.

தொடரின் அடுத்த பகுதியில் இவருக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். படம் போடுவதாக இருந்தால் எல்லோரும் போடும் அந்த ‘அகான்’ படத்தையே போடாமல், ஹார்லெம் வகுப்பறைப் படம் ஒன்றைத் தேடிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.