இரவு ஷிப்டில் தீப்பிடித்தால் யார் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் 18 வருஷமாகப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறேன். துணி வெட்டும் கட்டிங் பிரிவில் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் நான் இருந்த ஒரு கம்பெனியில் தீபாவளி ஆர்டருக்காக இரவு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்றரை மணி இருக்கும், கீழே துணி குடோனில் சுவிட்ச் போர்டு பக்கத்தில் பற்றிக்கொண்டது. பஞ்சுத் தூசி எங்கெல்லாம் படியும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டியூப்லைட் பட்டி மேலே, போர்டுக்குள்ளே, ஃபேன் இறக்கையில் என்று ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். எலக்ட்ரீஷியன் ஓடிப்போய் மெயினை ஆஃப் செய்தார். அது சரியான வேலைதான். ஆனால் மாடியில் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின்களில் இருந்த அத்தனை பேரும் கும்மிருட்டில் நின்றோம். எமர்ஜென்சி லைட் சுவரில் தொங்கியது, பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. செல்போன் வெளிச்சமாவது இருக்குமா என்றால் போன்களை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். 101க்குக் கூப்பிடவும் மேலே இருந்தவர்கள் கையில் எதுவும் இல்லை.

பின்பக்கப் படிக்கட்டுக் கதவில் பூட்டு, சாவி மேனேஜர் வீட்டில். தைத்த பீஸ் திருட்டுத்தனமாக வெளியே போய்விடும் என்ற பயத்தில் பூட்டுவார்கள், அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. எப்படியோ முன்படியில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினோம். ஒரு அக்காவுக்குக் கால் முறிந்தது.

ஆனால் அன்றைக்கு மோசமானது இதுவல்ல. வெளியே வந்த பிறகு எத்தனை பேர் உள்ளே இருந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிஜிஸ்டரில் 42 பேர். கான்ட்ராக்டில் வந்த வடக்கத்திப் பையன்கள் அதில் இல்லை. அவர்களில் ஒருவனைக் காணோம் என்று கூட வந்தவன் இந்தியில் கத்துகிறான், அவன் சொல்வது எங்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு பேர் முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் திரும்ப ஏறினார்கள். இருபது நிமிஷம். அந்தப் பையன் டீக்கடைக்குப் போயிருந்தான், நடந்து வந்து எங்கள் பின்னால் நின்றான். உள்ளே போன இருவரும் இருமிக்கொண்டே உயிரோடு திரும்பினார்கள், அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

இத்தனைக்கும் அங்கே அவசரகாலத் திட்டம் என்று ஒரு ஃபைல் இருந்தது, ஆர்டர் கொடுக்கிற பையர் (வாங்குபவர்) செய்யும் ஆடிட்டுக்காக அழகாக பைண்ட் செய்து வைத்திருந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் முதல் போன் நம்பர், வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆன ஒருவருடையது. தீயணைப்பு சிலிண்டரின் முள் பச்சையில்தான் நின்றது, சிலிண்டர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி. பின்னை இழுத்து நெருப்பின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும் என்று தெரிந்தவர் அந்த ஷிப்டில் ஒருவர்கூட இல்லை. மாக் டிரில் என்கிற தீ ஒத்திகை நடக்காமல் இல்லை, நடக்கும், பகல் ஷிப்டில், முன்கூட்டியே சொல்லி, போட்டோ எடுத்து முடிப்பார்கள்.

ஆள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவு உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டியிருக்கக் கூடாது என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். 2012 நவம்பரில் வங்கதேசத்து தஸ்ரீன் ஆலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அங்கேயும் வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. அடுத்த ஏப்ரலில் அதே நாட்டில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்தது. முந்தின நாளே சுவரில் விரிசலைப் பார்த்தார்கள், கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிவிட்டன, தையல்காரர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் போனார்கள். நம்மைப் போலவே துணி தைத்தவர்கள்.

அப்புறம் இன்னொன்று, தீ அணைந்த பிறகு வருவது. யார் எத்தனை பீஸ் தைத்தார், அதற்கு எவ்வளவு கூலி என்ற எங்கள் பீஸ் ரேட் கணக்கு, பேட்டர்ன், ஆர்டர் ஷீட் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது, பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மேஜை டிராயரில். இரண்டும் போய்விட்டன. அந்த வாரச் சம்பளத்தை ஆளாளுக்கு ஞாபகத்தில் சொல்லித்தான் வாங்கினோம். நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருகினால் கரையோரக் கம்பெனிகளுக்கும் இதே கதிதான். கணக்கின் ஒரு பிரதியை முதலாளி வீட்டிலோ ஆடிட்டர் ஆபீசிலோ வைக்க எவ்வளவு செலவாகும்? ஆர்டர் பாதியில் நின்றால் எந்த யூனிட்டில் தைத்து முடிப்பது என்று பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதற்குக் காசே வேண்டாம்.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் சேஃப்டி ஆபீசர் இருக்கிறார். நான் கவலைப்படுவது சந்துக்குள் முப்பது நாற்பது பேரோடு ஓடும், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளைப் பற்றி. முதலாளிகள் சங்கங்களும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து வீதிக்கு ஒரு நாள், அதுவும் ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு, இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லிக்கொடுத்து ஒரு டிரில் நடத்தட்டும். திருட்டுப் பயம் இருந்தால் பூட்டுக்குப் பதில் உள்ளிருந்து தள்ளினால் திறந்து மணி அடிக்கும் கதவைப் போடட்டும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் ஷிப்ட் தொடங்கியதும் லைனுக்கு ஒருவர் தலை எண்ணி, கான்ட்ராக்ட் ஆளையும் சேர்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கேட்டில் கொடுத்துவிடுகிறோம். டீக்குப் போகிறவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. உங்கள் நாளிதழில் தீயணைப்பு அதிகாரிகளைக் கேட்டு சிறிய யூனிட்டுகளுக்கான குறிப்புகளை அரைப் பக்கம் போட்டால் அதை வெட்டி எங்கள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன், இந்தியில் எழுதித் தரவும் எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி சூப்பர்வைசர்,
திருப்பூர்.