மேசைக் கணினியை விற்பனைக் கணக்கால் மட்டும் அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைக் கணினியின் காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாமே கைப்பேசியில்தான் என்ற கருத்துடன் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கைப்பேசியின் பரவலைப் பற்றிக் கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. கணினி மறைந்துவிடுமா என்பதைவிட, கணினியின் உரிமையாளராக நமக்கு இதுவரை இருந்துவந்த உரிமைகள் மறைந்துவிடுமா என்பதே இன்று அவசரமாகக் கேட்கப்பட வேண்டியது என்று நினைக்கிறேன்.

முதலில் எண்களைப் பார்ப்போம். மடிக்கணினிகளையும் சேர்த்து, 2011ஆம் ஆண்டில் உலக அளவில் 35 கோடிக்கும் மேற்பட்ட கணினிகள் சந்தைக்கு வந்தன. பிறகு அந்த எண்ணிக்கை தொடர்ந்து சரிந்து, 2018 வாக்கில் 26 கோடி அளவில் நின்றது. இடையில் 2016 அக்டோபரில், கைப்பேசி, டேப்லெட் வழியான இணையப் பயன்பாடு கணினி வழியான பயன்பாட்டை முதன்முறையாக முந்திவிட்டதாக, இணையப் பயன்பாட்டைக் கணக்கிடும் ஸ்டாட்கவுன்டர் நிறுவனம் அறிவித்தது. மறு ஆண்டே, இணையப் பயன்பாட்டில் கணினிகளின் விண்டோஸ் இயங்குதளத்தைக் கைப்பேசிகளின் ஆண்ட்ராய்டு இயங்குதளம் மயிரிழையில் முந்தியது. இதுவரை கட்டுரையாளரின் வாதம் சரியாகவே தோன்றும். ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் வேலையும் படிப்பும் வீட்டுக்குள் வந்தபோது, பெரும்பாலானோர் கையில் ஏற்கெனவே கைப்பேசி இருந்தும், கணினிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2021இல் விற்பனை மீண்டும் 34 கோடி அளவுக்கு ஏறியது. தேவை ஓய்ந்ததும் அது இறங்கிவிட்டது உண்மைதான். ஆனால் கைப்பேசி விற்பனையும் அப்படித்தான்: 2016இல் ஏறத்தாழ 147 கோடியாக இருந்தது, 2023இல் 117 கோடி அளவுக்குக் குறைந்தது. அதற்காகக் கைப்பேசியின் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் எழுதவில்லையே.

விற்பனை குறைவதும் பயன்பாடு குறைவதும் ஒன்றல்ல. முன்பெல்லாம் மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு கணினி புதிய மென்பொருளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறத் தொடங்கிவிடும். இன்று அப்படியில்லை. பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு வேகமான சேமிப்பகமான ஓர் எஸ்எஸ்டியைப் பொருத்தி, நினைவகத்தையும் கொஞ்சம் கூட்டிவிட்டால், பத்தாண்டு வயதான இயந்திரம்கூட அன்றாட அலுவலக வேலைக்குத் தாராளமாகப் போதும். நீடித்து உழைக்கும் பொருளை மக்கள் அடிக்கடி வாங்குவதில்லை; அதைச் சரிவு என்று கணக்கில் எழுதுவது அந்தப் பொருளின் நல்ல குணத்தையே அதன் குற்றமாக்குவது போலாகும். பெட்டியும் திரையும் தனித்தனியாக மேசைமேல் இருக்கும் பழைய வடிவம் குறைந்துவிட்டது என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதை 2008 வாக்கிலேயே மடிக்கணினி முந்திவிட்டது. ஆனால் இங்கே பேச்சு வடிவத்தைப் பற்றியதன்று.

நான் நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துபவன். திரையின் இடப்பக்கத்தில் பழைய பதிப்பின் ஸ்கேன் பக்கம், வலப்பக்கத்தில் தட்டச்சு செய்த பிரதி, கீழே ஒரு மூலையில் அகராதி என்று மூன்றையும் ஒருசேரத் திறந்துவைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் நகர்த்தி ஒப்பிடுவதுதான் என் வேலை. ஒரு சொல் ஓரிடத்தில் ஒற்று மிகுந்தும் மற்றோரிடத்தில் மிகாமலும் வந்திருந்தால், நூல் முழுவதும் அது வரும் இடங்களையெல்லாம் வரிசையாகத் தேடி ஒன்றுபடுத்த வேண்டும். இதையே கைப்பேசியில் செய்யப் போனால், ஓர் எழுத்தைத் திருத்த விரல் வைத்தவுடன் விசைப்பலகை எழும்பிப் பாதித் திரையை விழுங்கிவிடுகிறது. திருத்த வேண்டிய எழுத்தை விரலே மறைத்துக்கொள்கிறது. ஸ்கேன் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காக இயங்குதளம் முதல் செயலியை மூடியிருக்கும். அது மீண்டும் முதல் பக்கத்திலிருந்து திறக்கும். பெரிய திரையுள்ள கைப்பேசியை வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். தீராது. ஒரு நேரத்தில் ஒரு செயலியை முழுத்திரையில் பார்ப்பது என்ற அடிப்படையில் அந்த இயங்குதளங்கள் உருவாக்கப்பட்டன. கணக்குத் தணிக்கை செய்வோரும், பொறியியல் வரைபடம் போடுவோரும், படத்தொகுப்பாளர்களும் தத்தம் வேலையில் இதையே சொல்வார்கள்.

கட்டுரையாளர் குறிப்பிடாத இன்னொன்றும் உண்டு. கைப்பேசிச் செயலிகள் கைப்பேசியில் உருவாக்கப்படுவதில்லை. ஐபோன் செயலிகளை உருவாக்க ஆப்பிள் நிறுவனம் தரும் எக்ஸ்கோடு மென்பொருள் மேக் கணினியில் மட்டுமே இயங்கும்; ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கும் கணினிதான் வேண்டும். 2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸ் கணினிகளைச் சரக்கு லாரிகளுக்கு ஒப்பிட்டார்: எல்லோரும் வேளாண்மை செய்த காலத்தில் வாகனம் என்றாலே லாரிதான், நகரங்கள் வளர்ந்ததும் கார்கள் பெருகின, அதுபோலக் கணினியும் சிலருக்கு மட்டும் தேவைப்படுவதாக மாறும் என்பது அவர் கருத்து. ஒப்புமை நல்லதுதான். ஆனால் லாரி ஓட்டுபவர் சிலராக இருந்தாலும், அவர் கொண்டுவரும் சரக்கை நம்பித்தான் அனைவரும் வாழ்கிறோம் என்பதையும் அந்த ஒப்புமையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டு கருவிகளையும் ஒன்றாக்கிவிடும் முயற்சிகளும் நடக்காமல் இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8, ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டுத் தொடுதிரைக்கான கட்டங்களைக் கணினித் திரையில் பரப்பியது. பயனர்களின் எதிர்ப்பு பலமாக இருந்ததால் மறு ஆண்டே பொத்தான் திரும்பி வந்தது. கைப்பேசியையே திரையுடன் இணைத்துக் கணினியாக்கும் கனவோடு உபுண்டு இயங்குதளத்தை உருவாக்கும் கனானிக்கல் நிறுவனத்தார் 2013இல் மக்களிடம் நிதி திரட்ட முயன்றார்கள், இலக்கை எட்டவில்லை. 2017இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். அதே ஆண்டில், கைப்பேசியைத் திரையுடன் இணைத்துக் கணினிபோல் பயன்படுத்த சாம்சங் கொண்டுவந்த டெக்ஸ் வசதி இன்றும் இருக்கிறது, நன்றாகவே இயங்குகிறது. ஆனால் கணினிக்கு மாற்றாக அதைப் பலர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 என்ற சிப்பை மேக் கணினிகளில் பொருத்தியது. சில மாதங்களில், 2021இல், அதே எம்1 சிப்புடன் ஐபேட் புரோ டேப்லெட்டையும் வெளியிட்டது. இரண்டுக்கும் இதயம் ஒன்றுதான். ஆனால் மேக்கில் எவரும் எழுதிய மென்பொருளை, ஓரிரு எச்சரிக்கைகளைக் கடந்தாவது நிறுவிக்கொள்ளலாம். அந்த டேப்லெட்டிலோ ஆப்பிளின் கடை வழியாக வந்ததை மட்டுமே நிறுவ முடியும் என்பதே பொதுவிதியாக இருந்தது. மேக்கில் சேமிப்பகத்தில் உள்ள கோப்புகளை அவற்றின் கோப்புறைகளோடு பார்க்கலாம், இடம் மாற்றலாம், எந்த மென்பொருளாலும் திறக்கலாம். டேப்லெட்டில் ஒவ்வொரு செயலியும் தன் கோப்புகளைத் தனியறையில் பூட்டி வைத்திருக்கிறது. ஆற்றலில் குறைவில்லாத ஒரு கருவி, தன் உரிமையாளருக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பதை இயங்குதளமே தீர்மானிக்கிறது. கணினிக்கும் கைப்பேசிக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இதுதான். திரையின் அளவு இதற்கு அடுத்ததே.

அந்தக் கைப்பேசி வழக்கம் இப்போது கணினிக்குள்ளும் நுழைகிறது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்ய விரும்புகிறேன். 2021இல் வந்த விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பை முதன்முறை இயக்க இணைய இணைப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயமாக்கப்பட்டன. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாதவையும், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சிப்களைக் கொண்டவையும் அதற்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ இயந்திரங்கள், எந்தப் பழுதும் இல்லாமலேயே பழசாக்கப்பட்டன. அவற்றின் உரிமையாளருக்கு ஒரு வழி எஞ்சியிருக்கிறது: லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, பாதுகாப்பான புதுப்பிப்புகளோடு பல ஆண்டுகள் ஓட்டலாம். புதுப்பிப்பு நின்றுபோன கைப்பேசியை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அந்த வழியும் இல்லை. வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியாதபடி அது பூட்டப்பட்டே விற்பனைக்கு வருகிறது.

தன் திறந்த இயல்புக்காகப் பாராட்டப்பட்ட ஆண்ட்ராய்டும் இறுகி வருகிறது. அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ விடும் ஏற்பாட்டை 2026 முதல் சில நாடுகளில் தொடங்கப்போவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அனுபவமுள்ள பயனர்களுக்கு விலக்கு வழி ஒன்று தருவதாகச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில், சட்டத்தின் அழுத்தத்தால், 2024 மார்ச் முதல் ஐபோனில் மாற்றுக் கடைகளுக்கு ஆப்பிள் இடம் கொடுத்தது. நிறுவனங்கள் தாமாக இறங்கி வருவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இந்தக் கட்டுப்பாடுகளில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு செயலி மற்றொரு செயலியின் தரவைத் தொட முடியாமல் பிரித்து வைத்ததால்தான், பழைய விண்டோஸ் கணினிகளை ஆட்டிப்படைத்த வைரஸ் தொல்லை கைப்பேசியில் அந்த அளவுக்கு இல்லை. கணினியே பார்த்திராத கோடிக்கணக்கானோர் வங்கிச் சேவையையும் கல்வியையும் கைப்பேசி வழியாக எட்டியிருப்பது பெரிய சாதனை. ஆனால் பாதுகாப்புக்காகப் போடும் பூட்டின் சாவி, பொருளை வாங்கியவரிடமும் ஒன்று இருக்க வேண்டாமா? கணினியில் அது இதுவரை இருந்தது. ஆர்வமுள்ள ஒரு சிறுவன் யாரிடமும் அனுமதி கேட்காமல் தன் கணினியில் ஒரு நிரலை எழுதி இயக்கிப் பார்க்க முடிந்தது. தவறு செய்து, இயங்குதளத்தையே கெடுத்து, மீண்டும் நிறுவிக் கற்றுக்கொள்ள முடிந்தது. அந்த வாய்ப்பு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காமல் போவதைத்தான் சரிவு என்று நான் சொல்வேன். ஆண்டு விற்பனை 25 கோடியா 35 கோடியா என்பது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய கைப்பேசிகளையும் கணினிகளையும் பற்றித் தங்கள் நாளிதழில் மதிப்புரை வெளியிடும்போது, கேமராவின் திறனையும் திரையின் பளபளப்பையும் எழுதுவதோடு, அதன் இயங்குதளத்துக்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும், வெளியிலிருந்து மென்பொருள் நிறுவலாமா, நினைவகத்தையும் மின்கலத்தையும் மாற்ற முடியுமா, ஆதரவு முடிந்தபின் வேறு இயங்குதளம் ஏற்ற வழியுண்டா ஆகிய நான்கு தகவல்களையும் தவறாமல் வெளியிட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே வாசகர் இவற்றைத் தெரிந்துகொள்ள அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்